பல் செட் போட்டதும் 'ஸ்' ஏன் விசிலடிக்கிறது?

கேள்வி: வயது 68, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மேலும் கீழும் முழு பல் செட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. 'பஸ்' என்றால் கூடவே விசில் சத்தம் வருகிறது. 'வ'வும் 'ழ'வும் பழையபடி இல்லை. பேரன் சிரிக்கிறான். குறை செட்டிலா, என் நாக்கிலா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: ஐயா, செட்டை முடிக்கும் முன் மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்த்த அன்று நீங்கள் நாலு வார்த்தை பேசிப் பார்த்தீர்களா? பல இடங்களில் கண்ணாடியைக் கையில் கொடுத்து "நல்லா இருக்கா?" என்று கேட்பதோடு சரி. மெழுகில் பல்லை நகர்த்துவது சில நிமிட வேலை, மெழுகு கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக்காக மாறிய பிறகு அது பெரிய வேலை.

விசிலுக்கு வருவோம். 'ஸ்' சொல்லும்போது நாக்கின் இரண்டு ஓரமும் மேலே ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் விடும், காற்று அதன் வழியாக வந்து முன்பல்லில் மோதும். வாய்க்கால் ரொம்பக் குறுகினால் விசில், அகலமாகிவிட்டால் 'ஷ்'. பல் வரிசை உள்ளே தள்ளி நாக்குக்கு இடம் நெருக்கினாலும், அண்ணத்தை மூடும் பகுதியின் வளைவு சரியில்லை என்றாலும் இப்படி ஆகும். செட்டின் உட்பக்கம் பவுடர் தூவி 'ஸ்' சொல்லச் சொன்னால் நாக்கு பட்ட இடமெல்லாம் பவுடர் அழிந்திருக்கும், எங்கே தேய்ப்பது, எங்கே கொஞ்சம் பூசுவது என்று அதிலேயே தெரியும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், தப்பே இல்லை.

'வ' உங்களுக்குத் தெரியாததா! பல்லும் இதழும் இயைய வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். நாங்களும் அதைத்தான் பார்க்கிறோம்: மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சேரும் கோட்டை லேசாகத் தொட வேண்டும். பல் நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் உதடு அதைத் தேடி அலையும். 'ஃபோன்' சொல்லிப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்.

'ழ'வைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கவலை வேண்டாம். நாக்கு மேலே வளைகிற இடத்தில் இப்போது ஒரு தகடு உட்கார்ந்திருக்கிறது, அந்தத் தடிமனுக்கு நாக்கு பழக வேண்டும். தினமும் கால் மணி நேரம் பேப்பரைச் சத்தமாக, மெதுவாகப் படியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலு வாரத்தில் பேச்சு சரியாகிவிடும். அதற்கு மேலும் ஒரே எழுத்து தகராறு செய்தால் செட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்பா பேசும்போது பல் செட் 'டக் டக்' என்று இடிக்கிறது. பழகினால் போய்விடுமா?
- வாசகி, மதுரை

பதில்: இது பழகி மாறும் விஷயம் இல்லை அம்மா. 'ஸ்' சொல்லும்போதுதான் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மிக நெருங்கும், அப்போதும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி வேண்டும். 'சிக்ஸ்ட்டி சிக்ஸ்' என்று சொல்லச் சொல்லுங்கள், அதிலேயே இடித்தால் செட்டின் உயரம் கூடியிருக்கலாம். இல்லையென்றால் கீழ் செட் தளர்ந்து எழும்புகிறது. பல் எடுத்த பிறகு எலும்பு கரைந்துகொண்டே போகும் என்பதால் போட்டபோது கச்சிதமாக இருந்த செட்கூட அப்புறம் ஆடும். அதற்கு உள்பக்கம் புதிதாகப் பூசி ரீலைனிங் செய்வார்கள். ஒட்டும் பசை தற்காலிகத்துக்குத்தான், உயரம் கூடியிருந்தால் அதுவும் உதவாது.