அமெரிக்காவில் கார் கம்பெனிகள் செடான்களை (பின்னால் தனி டிக்கி உள்ள தாழ்வான கார்கள்) நிறுத்திவிட்டு கிராஸ்ஓவர்களுக்கு (எஸ்யூவி போல உயர்த்திய கார்கள்) மாறியது ஏன்?

"மக்கள் செடான் வாங்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள்" என்பதுதான் வழக்கமான பதில். அது பாதிதான் சரி. பல வருடங்களாக இங்கே செடான் ஓட்டுகிறவன் என்பதால் மீதிப் பாதியையும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

2018 ஏப்ரலில் ஃபோர்டு, மஸ்டாங்கையும் ஃபோகஸ் ஆக்டிவையும் தவிர மற்ற கார்களுக்கு வட அமெரிக்காவில் அடுத்த தலைமுறை கிடையாது என்று அறிவித்தது. சீனாவிலிருந்து வரவிருந்த அந்த ஃபோகஸ் ஆக்டிவும், இறக்குமதி வரி ஏறியதும் கைவிடப்பட்டது. ஃபியட் கிரைஸ்லர் அதற்கு முன்பே, 2016-ல், டாட்ஜ் டார்ட்டையும் கிரைஸ்லர் 200-ஐயும் நிறுத்த முடிவெடுத்திருந்தது. ஒஹாயோவில் ஷெவர்லே குரூஸ் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) ஆலை 2019 மார்ச்சில் நின்றது. ஜிஎம்மின் இன்னொரு செடானான ஷெவர்லே மாலிபு 2024 வரை தாக்குப்பிடித்தது.

மக்கள் விருப்பம் பொய்யில்லை. என் அம்மாவுக்கு மூட்டுவலி. செடானில் உட்காரக் குனிந்து இறங்க வேண்டும், எழும்போது கை கொடுக்க வேண்டும். கிராஸ்ஓவரில் இருக்கை இடுப்பு உயரத்திலேயே இருப்பதால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். சரி, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கம்பெனிக்கு இதில் கிடைக்கும் லாபம் வேறு. கிராஸ்ஓவரின் அடித்தளம் பெரும்பாலும் காருடையதுதான். ஹோண்டா சிஆர்-வி பிறந்ததே சிவிக்கின் அடித்தளத்தில். உடலைச் சற்று உயர்த்தி, பின்னால் மேலே திறக்கும் கதவு வைத்தால் செலவு கூடுவதைவிட விலை அதிகமாகக் கூடுகிறது.

அதிகம் பேசப்படாத காரணம் சட்டம். அமெரிக்க எரிபொருள் சிக்கன விதிகள் பயணிகள் காருக்கு ஒரு இலக்கும், எஸ்யூவி, பிக்கப் போன்றவை அடங்கிய 'லைட் டிரக்' வகைக்கு அதைவிடத் தளர்வான ஒரு இலக்கும் வைத்தன. தரையிலிருந்து போதிய உயரமும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தால் கிராஸ்ஓவர் டிரக் கணக்கில் சேரும். அதே வண்டியின் எடை குறைந்த இரு சக்கர இயக்க மாடல் கார் கணக்கில் வரும்! நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு கூடினாலும் இலக்கு தளரும். அப்புறம் சின்னக் காரைச் செதுக்கி மைலேஜ் கூட்ட யார் மெனக்கெடுவார்கள்? வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. உயரமான வண்டி காற்றை அதிகம் தள்ள வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அதற்குத்தான் எரிபொருள் போகிறது. நடந்து போகிறவர்களுக்கும் இது ஆபத்து. பானெட் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து முகப்பும் சரிந்திருக்கும் வண்டிகளைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று ஐஐஹெச்எஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-ல் சொன்னது. எல்லா கிராஸ்ஓவரும் அவ்வளவு உயரமில்லை. பெரிய எஸ்யூவிகளும் பிக்கப்புகளும்தான் அந்தக் கணக்கில் முன்னால் நிற்கின்றன.

ஃபோர்டின் ஃபியஸ்டா, ஃபோகஸ் போன்ற சின்னக் கார்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் துணிந்து வாங்கக்கூடிய புதுக் கார்கள். அந்தப் படிக்கட்டைத்தான் எடுத்துவிட்டார்கள்.

ஜப்பானியக் கம்பெனிகள் முழுதாக விலகவில்லை. டொயோட்டாவின் கேம்ரி, கொரோலா, ஹோண்டாவின் சிவிக், அக்கார்ட் இன்னும் வருகின்றன. 2025 மாடலிலிருந்து கேம்ரி ஹைப்ரிட் மட்டுமே. என் அடுத்த வண்டியை இந்த நான்குக்குள்தான் தேடுவேன். அம்மாவுக்கு இருக்கையில் ஒரு கெட்டி மெத்தை போட்டுக்கொடுத்தால் போதும், முயன்று பார்த்துவிட்டேன்.