கப்பல் ஒரு பகல்தான் நிற்கும்: ஹோப்வெல் பாறைகளுக்குப் போகலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம், சின்னதாக ஒரு காபித் தோட்டம். மகளும் மாப்பிள்ளையும் பாஸ்டனில். செப்டம்பர் கடைசியில் எங்களையும் கூட்டிக்கொண்டு பாஸ்டனிலிருந்து கனடா பக்கம் போகும் சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் போவதாகத் திட்டம். வழியில் செயின்ட் ஜான் என்ற துறைமுகத்தில் காலை 8 மணிக்கு நின்று மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். அங்கே ஹோப்வெல் பாறைகள் என்று, தலையில் மரம் முளைத்துப் பூந்தொட்டி மாதிரி கடலில் நிற்கும் பாறைகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. கப்பல் கம்பெனி கூட்டிப்போகும் டூருக்குக் காசு அதிகம், வாடகைக் கார் எடுத்து நாமே போய்விடலாம் என்கிறாள் மகள். என் வீட்டுக்காரருக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. போகலாமா? எப்படிப் போவது?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: போகலாம் சகோதரி. ஆனால் டூரா, காரா என்ற பேச்சை எடுக்கும் முன்னால் வேறு ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் போய் இறங்கும் அந்தத் தேதியில் ஹோப்வெல் கரையில் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு வற்றுகிறது? இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டு அங்கே போய், கடல் தரைக்கு இறங்கும் படிக்கட்டின் வாசலில் சங்கிலி போட்டிருப்பதைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

விஷயம் இதுதான். ஹோப்வெல் பாறைகள் இருப்பது ஃபண்டி வளைகுடாவின் உள்கோடியில். உலகத்திலேயே கடல் ஏற்றமும் இறக்கமும் மிக அதிகம் என்று பெயர் வாங்கிய வளைகுடா அது. நம் மெரினாவில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம், கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஹோப்வெல்லில் அதே வித்தியாசம் 16 மீட்டர் வரைக்கும் போகும். வளைகுடா வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே போகிறது, அதோடு அந்த நீர் முழுவதும் ஒரு தடவை உள்ளே போய் வெளியே வர எடுக்கும் நேரமும், நிலா கடலை இழுத்து விடும் பன்னிரண்டரை மணிக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்துத் தள்ளினால் அது மேலே மேலே எகிறும் இல்லையா, அதுதான் அங்கே தினமும் இரண்டு தடவை நடக்கிறது.

அதனால் அங்கே இரண்டு காட்சி. கடல் வற்றியிருந்தால் படி இறங்கிக் கடலின் தரையிலேயே நடந்து பாறைகளின் அடிக்குப் போகலாம். ஏறியிருந்தால் மேலே கட்டியிருக்கும் மேடையில் நின்று, சுற்றிலும் தண்ணீராக, சின்னத் தீவுகள் போல நிற்கும் உச்சிகளை மட்டும் பார்க்கலாம். படத்தில் உங்கள் மனசைப் பிடித்த பூந்தொட்டி உருவம் முழுசாகத் தெரிவது வற்றியிருக்கும்போதுதான். வற்றத்தின் உச்ச நேரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பிலிருந்து, அது கழிந்து இரண்டு, மூன்று மணி நேரம் வரை கீழே விடுவார்கள். அன்றைய சரியான நேரத்தைப் பூங்காவே அறிவிக்கும்.

இப்போது உங்கள் பகலைக் கணக்குப் போடுவோம். கப்பல் 8 மணிக்கு நின்றாலும் வரிசையில் நின்று இறங்கி, கார் சாவி வாங்கி, ஊரை விட்டுக் கிளம்ப 9.30 ஆகிவிடும். செயின்ட் ஜானிலிருந்து ஹோப்வெல் நம் சேலத்திலிருந்து கோவை போகிற தூரம், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போய்ச் சேர 11.45. கப்பல் 6 மணிக்குக் கிளம்புகிறது என்றால் 5.30க்கு, சில கப்பல்களில் 5 மணிக்கே எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும். ஒரு மணி நேரமாவது கைவசம் வேண்டும் என்பதால் 4 மணிக்குத் துறைமுகம் திரும்பிவிடுவது நல்லது, அப்படியென்றால் 1.45க்கு அங்கிருந்து புறப்பட வேண்டும். ஆக உங்களுக்குப் பாறையோடு கிடைப்பது இரண்டே மணி நேரம், அதுவும் உச்சி வேளையில். அந்த இரண்டு மணி நேரம் முழுவதும் கடல் தரை திறந்திருக்க வேண்டுமானால், வற்றத்தின் உச்சம் ஏறக்குறைய 11.45லிருந்து 2.30க்குள் வர வேண்டும். காலை 9 மணிக்கு வற்றிவிட்டால் நீங்கள் போய்ச் சேரும்போது படியை அடைக்கும் நேரம். மாலை 5 மணிக்குத்தான் வற்றும் என்றால் நீங்கள் கிளம்பும்வரை திறக்கவே மாட்டார்கள்.

இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சூரியன், சந்திரன் கணக்கு என்பதால் ஒரு வருஷம் முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுகிறார்கள், கனடா அரசின் நீர்வரைபடத் துறை வெளியிடுவது அது, ‘ஹோப்வெல் கேப்’ என்று தேடி உங்கள் தேதியைப் பார்க்க மகளுக்கு ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கு அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். ஃபண்டியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உச்சி வேளை வாக்கில் கடல் ஏறி நிற்கும், நீங்கள் போகிற நேரத்தில் தரை முழுகித்தான் கிடக்கும். அஷ்டமி, நவமி, தசமி வாக்கில் நண்பகலிலிருந்து 2 மணிக்குள் வற்றும். நம் வீடுகளில் அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம், இந்தப் பயணத்துக்கு மட்டும் அந்த நாட்களே தோதானவை. இன்னும் கப்பல் பதிவு செய்யவில்லை, தேதியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்றால் காலண்டரை வைத்துக்கொண்டு தேதியைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அட்டவணையில் சரிபாருங்கள்.

மணிக்கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பாஸ்டன் நேரத்தைவிடச் செயின்ட் ஜான் நேரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், பாஸ்டனில் 5 மணி என்றால் அங்கே 6. கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், ஆனால் கப்பல் சில சமயம் பாஸ்டன் நேரத்திலேயே ஓடும். கடல் அட்டவணை உள்ளூர் நேரம். ‘6 மணிக்குக் கிளம்பும்’ என்பது எந்த 6 மணி என்று முந்தின நாள் ராத்திரியே கப்பல் வரவேற்பு மேசையில் கேட்டு, மாப்பிள்ளையிடம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, டூரா, காரா? அட்டவணை ஒத்துவந்தால் ஹோப்வெல்லுக்குக் கப்பல் கம்பெனியின் டூரிலேயே போங்கள், காசு கூட ஆனாலும் பரவாயில்லை. அவர்கள் பஸ் வழியில் நின்றுபோனாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ப் பிடிக்க வேண்டியதுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழியும் ஒரு பகலில், பழக்கமில்லாத ஊரில், குறுக்கே மூஸ் என்ற பெரிய காட்டு மான் பாய்ந்துவிடக்கூடிய காட்டுச் சாலையில் மகளை அவசர அவசரமாக ஓட்ட வைப்பதை நான் விரும்பவில்லை. ஆனால் டூரைப் பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “அன்றைக்கு நாங்கள் கடல் தரையில் இறங்க முடியுமா, மேலிருந்து பார்ப்பது மட்டுமா?” கடல் எந்த நிலையில் இருந்தாலும் டூர் போகத்தான் செய்யும்.

அட்டவணை ஒத்துவரவில்லை என்றால் ஹோப்வெல்லை விட்டுவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் விட்டுவிடுங்கள். செயின்ட் ஜானிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் என்று ஒரு கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அங்கே சிவப்பு மணற்பாறைச் சுவரில் கடல் குடைந்த குகைகள், கூழாங்கல் கரை, கூரை போட்ட மரப் பாலங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். குகைக்கு நடந்து போகவும் கடல் வற்றியிருக்க வேண்டும், ஆனால் ஊர் பக்கத்திலேயே இருப்பதால் காலையில் வற்றினாலும் மாலையில் வற்றினாலும் ஏதோ ஒரு வேளையை அதற்கு ஒதுக்கிவிடலாம். ஏறியிருந்தாலும் கரையில் நின்றபடியே குகை வாய் தெரியும். இங்கே போக மகள் சொன்ன வாடகைக் காரே சரி. மீதி நேரத்தில் செயின்ட் ஜான் ஊருக்குள்ளேயே தலைகீழ் அருவி என்று ஒன்றைப் பாருங்கள். கடல் வற்றும்போது ஆறு பாறை இடுக்கு வழியாகக் கடலுக்குப் பாய்கிறது, ஏறும்போது கடல் அதே இடுக்கு வழியாக ஆற்றை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஒரே இடத்தைக் காலையில் ஒரு தடவையும் கப்பலுக்குத் திரும்பும்போது ஒரு தடவையும் பார்த்தால்தான் அது விளங்கும். இந்த வட்டாரம் முழுவதும் ஸ்டோன்ஹாமர் என்ற புவிப்பூங்கா, அதாவது பாறைகளின் சிறப்புக்காக உலக அளவில் அங்கீகரித்த பகுதி, வட அமெரிக்காவிலேயே முதலில் அந்த அங்கீகாரம் பெற்றது, 2010ல். பாறைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இதுவே ஒரு நாளுக்குக் காணும்.

உங்கள் வீட்டுக்காரர் முழங்கால் பற்றி. ஹோப்வெல்லில் நுழைவாயில் கட்டடத்திலிருந்து படிக்கட்டு வரை நல்ல பாதை, கால் மணி நேர நடை, நடக்க முடியாதவர்களுக்குச் சின்ன வண்டி ஓடுகிறது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் கட்டணம். அப்புறம் கடல் தரைக்கு ஏறக்குறைய நூறு படிகள், உலோகப் படிகள். இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவதுதான் மூச்சு வாங்கும். இடையில் நின்று நின்று போகலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். முடியவில்லை என்றால் அவர் மேல் மேடையிலேயே உட்காரட்டும், அங்கிருந்தும் நன்றாகத் தெரியும், நீங்கள் மகளோடு இறங்கிவிட்டு வாருங்கள். இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றால் இப்போதிருந்தே தினமும் சாயங்காலம் இருவரும் ஏரியைச் சுற்றி நடங்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் படி ஏறி இறங்கிப் பழகட்டும்.

செருப்பு போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். கீழே சரளைக் கல், அதற்கு நடுவே காப்பிக் கசண்டு நிறத்தில் வழுக்கும் சேறு. பிடிமானமுள்ள பழைய ஷூ போதும், திரும்பி வரும்போது கால் கழுவக் குழாய் வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் வெயில் அடித்தாலும் கடல் காற்று குத்தும், உங்கள் ஊர் டிசம்பர் ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு மழைக் கோட்டு. கப்பலிலிருந்து பழமோ சமைத்த சாப்பாடோ கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது, சுங்கத்தில் பிடிப்பார்கள்.

நீங்கள் சார்னோகைட் என்ற கடினப் பாறை மலையில் வாழ்கிறவர், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலைப் பாறை பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் உருவானது, 250 கோடி வருஷம் ஆன பிறகும் பகோடா பாயிண்டில் கை வைத்தால் இரும்பு மாதிரி இருக்கிறது. ஹோப்வெல் பாறை வேறு ஜாதி. 30 கோடி வருஷத்துக்கும் முன்னால் மலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த கூழாங்கல்லும் மணலும் சேர்ந்து இறுகியது. நான் அதன் அடியில் நின்றபோது முட்டை அளவு, தேங்காய் அளவுக் கற்கள் சுவரில் பதித்தது போலத் துருத்திக்கொண்டிருந்தன, ஒன்றைச் சுற்றி மண் அரித்து அது இன்றைக்கோ நாளைக்கோ விழப்போகிற மாதிரி இருந்தது. என் தலைக்கு எவ்வளவோ மேலே வரை பழுப்புக் கடற்பாசி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இன்னும் சில மணி நேரத்தில் நான் நிற்கும் இடம் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பது எனக்கு உறைத்தது. அலை அடியை அரிக்கிறது, குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து பிளக்கிறது. 2016 மார்ச்சில் யானைப் பாறை என்று பேர் பெற்ற பாறையின் பாதி அப்படித்தான் ஒரே நாளில் சரிந்து விழுந்தது. அதனால் படத்துக்காகப் பாறையின் நிழலுக்குள் ஒட்டி நிற்க வேண்டாம், கயிறு கட்டியிருக்கும் இடத்தைத் தாண்ட வேண்டாம், ஊழியர்கள் மேலே வரச் சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள். அங்கே தண்ணீர் ஏற ஆரம்பித்தால் வேகமாக ஏறும்.

கடைசியாக விசா. மகள் வீட்டுக்குப் போவதால் அமெரிக்க விசா கையில் இருக்கும், அது பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள், கனடாவுக்குப் போய்த் திரும்பவும் பாஸ்டனில் இறங்க வேண்டுமே. கனடா விசா தனி. ஒரே ஒரு பகல்தானே இறங்குகிறோம் என்று விட்டுவிட முடியாது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது வேண்டும், இல்லையென்றால் பாஸ்டனில் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். கைரேகை கொடுக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு நடை போய் வர வேண்டியிருக்கும், முடிவு வர வாரக்கணக்கில் இழுக்கும். கப்பல் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.