பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விமானத்தில் எவ்வளவு தூரம்? கிருஷ்ணகிரியில் கிளம்பினால் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

வான்வழித் தூரம் சுமார் 13,990 கி.மீ. இடையில் எங்கும் இறங்காத விமானம் என்றால் 16 முதல் 17½ மணி நேரம். அம்மாவை முதல்முறை தனியாக அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இந்த இரண்டு எண்கள் போதாது.

13,990 என்பது உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூலின் நீளம். அந்த நூல் கிழக்கே போகாது. ஏறக்குறைய வடக்கே ஏறி, திபெத், சைபீரியா தாண்டி, 71 டிகிரி அட்சரேகை வரை போய் அலாஸ்கா பக்கமாக இறங்கும். விமானம் அப்படியே அதன் மேல் போவதில்லை. கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே 14,000 அடிக்கு மேல். அதனால் சுற்றிப் போவார்கள். போதாததற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. பசிபிக் வழியாகப் போனால் கி.மீ. கூடும், பின்காற்றால் நேரம் குறையும். திரும்பும்போது அதுவே எதிர்க்காற்று. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூர் விமானம் வட துருவத்தின் மேலாகவே வந்தது.

இடையில் விமானம் மாறிப் போகும் வழிகளில் துபாய் வழி 15,700 கி.மீ., பிராங்பர்ட் வழி 16,550 கி.மீ. ஒவ்வொரு கட்டத்தின் கி.மீ.யையும் 900ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டினால் ஓரளவு சரியாக வரும். எதிர்க்காற்றுக்கும் கொஞ்சம் சேர்த்து, பிராங்பர்ட் வரை ஒன்பதரை, அங்கிருந்து பதினொன்றரை மணி நேரம் என்று வையுங்கள். இடையில் 3 மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இடைவெளி டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். முதல் விமானம் தாமதித்தால் வயதானவர் அங்கே தவிக்க வேண்டும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். மதியம் 2 மணிக்கு ஏறி அதே நாள் மாலை 5க்கு இறங்குவதாக இருக்கும், 3 மணி நேரப் பயணம் போல. குளிர்காலத்தில் அங்குள்ள மணியோடு 13½ கூட்டுங்கள்: நம் கணக்கில் மறுநாள் காலை 6.30. ஆக 16½ மணி நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12½ கூட்டினால் போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து விமான நிலையம் சுமார் 125 கி.மீ. தருமபுரி என்றால் இன்னும் ஒரு மணி நேரம். மூன்று மணி நேரத்தில் போகலாம், ஆனால் காலை, மாலை நெரிசலில் பெங்களூரின் சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகள் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். அத்திப்பள்ளியில் வலப்பக்கம் திரும்பி சர்ஜாபூர், ஒசக்கோட்டை வழியாக, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போனால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். பன்னாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 2. புறப்பாட்டுக்கு 3 மணி நேரம் முன் அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பி, அங்கே குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வர, நேர் விமானத்தில் 24–25 மணி நேரம். பிராங்பர்ட் வழி என்றால் 32 வரை. நேர் விமானம் எல்லாப் பருவத்திலும் இருக்காது, தேதி போட்டுத் தேடிப் பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது தேதியில்தான். பல விமானங்கள் நள்ளிரவு தாண்டிப் புறப்படும். 12ஆம் தேதி 01.30 என்றால், மாலை நெரிசலுக்கும் சேர்த்து, 11ஆம் தேதி மாலை 6 மணிக்கே கார் கிளம்பியிருக்க வேண்டும்.