மழைக்காலம் முழுக்கக் கிடந்த டீசல் பம்ப் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

கேள்வி: நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் மரக்கறி போடுகிறோம். கயிறு இழுத்து ஓட்டும் 10 குதிரைவலு டீசல் வோட்டர் பம்ப், ஜூன் முதல் தகரக் கொட்டிலில் சும்மா கிடந்தது. ஜனவரியில் எடுத்து இழுத்தபோது வெள்ளைப் புகை தள்ளி, நாலைந்து தரம் 'டப் டப்' என்றுவிட்டு நின்றது. இப்போது புகையே இல்லை. நொசிலை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பதில்: காசை இப்போதே செலவழிக்காதீர்கள். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல், அல்லது தண்ணீர். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. முதலில் அது, பிறகு இது என்றால் டேங்கில்தான் சந்தேகம்.

பாதி டேங்கோடு வைத்திருப்பீர்கள். உங்கள் பக்கத்துக் குளிரில் டேங்கின் உள்சுவர் இரவில் வியர்க்கும். டீசலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் அடியில் தங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாசிபோல வழுவழுப்பு வளர்ந்து பில்டரை அடைக்கும்.

முதலில் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலோ, மட்டம் ஏறி டீசல் மணந்தாலோ அதை மாற்றாமல் கயிற்றைத் தொடவே வேண்டாம்.

டேங்கின் அடித்திருகைக் கழற்றி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாகத் தெரியும். பழைய டீசலை முழுக்க இறக்குங்கள் (ஓடையில் ஊற்றாதீர்கள்). பில்டரைப் புதிதாகவே போடுங்கள். வழுவழுப்பு ஏறியதைக் கழுவிப் போடுவது வீண் வேலை.

இனிக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். புதிய டீசல் ஊற்றி, நொசிலுக்கு டீசலைத் தள்ளும் எஞ்சினின் சின்னப் பம்புக்குள் வரும் குழாயின் இணைப்பைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஓடவிடுங்கள். அதை இறுக்கியபின், நொசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை (பெரும்பாலும் 17 ஸ்பானர்) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். வேக லீவரை ஸ்டார்ட் நிலையில் வைத்து, டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அமுக்கத்தைத் தளர்த்தும் பிடி) அழுத்தி மெதுவாக இழுங்கள். பல தரம் இழுக்க வேண்டிவரும். டீசல் துளித்ததும் நட்டை இறுக்கி, மறுபடி மெல்ல இழுத்துக் காது கொடுங்கள்: நொசில் 'கிரீச்' என்று முனகினால் டீசல் பீய்ச்சுகிறது. டீசல் நட்டுவரை வந்தும் அந்த முனகல் கேட்காவிட்டால்தான் நொசிலைக் கழற்றிச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். நொசில் முனைக்கு நேரே கை வைக்காதீர்கள். ஏறக்குறைய 200 பார் அழுத்தம், தோலைத் துளைத்துவிடும்.

முனகல் கேட்டும் விடியற்காலையில் மட்டும் அடம்பிடித்தால் அது உயரத்தின் வேலை. நுவரெலியாவின் 1,868 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். உள்ளே போவதே மெல்லிய, குளிர்ந்த காற்று. அமுக்கினாலும் டீசலைப் பற்றவைக்கும் சூடு சட்டென்று வராது. இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் மேல்மூடியில் சின்ன ரப்பர் அடைப்பான் இருக்கும். அதைக் கழற்றி 2 மில்லிலீட்டர் எஞ்சின் ஒயில் விட்டு, மறக்காமல் மூடிவிட்டு இழுங்கள். ஒயில் பிஸ்டன் ரிங்கை அடைத்துக் கொம்ப்ரஷனைக் கூட்டும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

அடுத்த மழைக்கு வைக்கும்போது டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, கயிற்றை மெல்ல இழுத்து, அது இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துவிடுங்கள்.