எண்ணெய்க் கம்பெனியா, புண்ணாக்குக் கம்பெனியா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமையல் எண்ணெய் பற்றிய உங்கள் கட்டுரையில் நார்வேயின் டெனோஃபா என்ற கம்பெனி ஒரே வரியில் வந்துபோகிறது. திமிங்கலக் கொழுப்பில் தொடங்கி இன்று சோயா அரைக்கிறதாம். சோயா விளையாத குளிர்நாட்டில் சோயா ஆலை எதற்கு? எண்ணெய்தான் வேண்டுமென்றால் அதைப் பிரேசிலிலிருந்து கப்பலில் இறக்கிக்கொள்ளலாமே? திமிங்கலக் கொழுப்பை மனிதர்கள் எப்படித் தின்றார்கள்? அங்கே சால்மன் பண்ணைகளுக்கு இந்த ஆலைதான் தீனி போடுகிறது என்று எங்கோ படித்தேன், சரியா?

நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு வாங்கி விற்கிறேன். ஹெக்சேன் போட்டு எடுத்த புண்ணாக்கு விஷம் என்கிறார்கள் சிலர். வருகிற சரக்கு பக்குவமானதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

கதிர்வேல்

அன்புள்ள கதிர்வேல்,

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கடையிலேயே இருக்கிறது. அதை எண்ணெய்க் கம்பெனி என்று எழுதியது என் பிழை. இன்று அது புண்ணாக்குக் கம்பெனி. ஒரு டன் சோயாவில் எண்ணெய் 180 முதல் 200 கிலோதான் கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு. நார்வேயின் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் வேண்டிய புரதம் அதில் இருக்கிறது. எண்ணெயை மட்டும் இறக்கினால் அது கிடைக்காது.

தொடக்கத்தில் கதை வேறு. 1912இல் குளோம்மா ஆறு கடலில் சேருமிடத்தில் உள்ள ஃபிரெட்ரிக்ஸ்டாட் என்ற மரம் அறுக்கும் ஊரில் 'டெ நோர்டிஸ்கெ ஃபாப்ரிகெர்' தொடங்கியது. 'நார்டிக் ஆலைகள்' என்று பொருள். மூன்று சொல்லின் முதல் எழுத்துகளைக் கோத்தால் டெ-நோ-ஃபா. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1902இல், வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். நிக்கல் தூள் கலந்த எண்ணெயில் ஹைட்ரஜனை ஊதினால் எண்ணெய் உறைந்து கெட்டிக் கொழுப்பாகும். ஆலை நின்றது இந்த உத்தியின் மேல்தான்.

திமிங்கல எண்ணெய் மலிவு. ஆனால் மீன் நாற்றம், அறை வெப்பத்தில் திரவம், காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே: நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் அந்த இடங்களை நிரப்பிவிடுகிறது. 150 முதல் 200 டிகிரி செல்சியஸ், சில பார் அழுத்தம், எண்ணெய் எடையில் 0.1 சதவீதத்தை ஒட்டிய நிக்கல், இவ்வளவு போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்று காட்டும் அளவுக்கு அயோடின் எண் என்று பெயர். அது ஒன்று குறைய, டன்னுக்கு சுமார் 0.88 கன மீட்டர் ஹைட்ரஜன் செல்லும். 120இல் இருக்கும் எண்ணெயை 60க்குக் கொண்டுவர 53 கன மீட்டர். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அதை எடுத்தால், கன மீட்டருக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் 265 யூனிட் ஆகிறது. மலையருவி மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நாட்டுக்குப் பொருத்தமான தொழில். திமிங்கல வேட்டையின் தலைநகரங்களான சாண்டெஃபியூரும் டன்ஸ்பெர்கும் ஆஸ்லோ வளைகுடாவின் எதிர்க்கரையில்தான்.

கெடுவதற்கும் வழிகள் உண்டு. கடல் எண்ணெயில் இருக்கும் கந்தகம் நிக்கலின் மேல் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். எண்ணெயை முதலில் காரமிட்டும் களிமண்ணிட்டும் சுத்தம் செய்யாவிட்டால் எதிர்வினை பாதியில் நின்றுவிடும். எதிர்வினை வெப்பத்தையும் கக்கும். அயோடின் எண் ஒன்று குறைந்தால் எண்ணெய் 1.6 டிகிரிக்கு மேல் தானாகவே சூடாகும். குளிர்விக்கும் குழாய்ச் சுருள் சரியில்லையென்றால் வெப்பம் கைமீறும். இன்னொன்று: பல் திமிங்கலமான ஸ்பெர்மின் எண்ணெய் இதற்கு உதவாது. அதில் பெரும்பகுதி கொழுப்பில்லை, திரவ மெழுகு. நீலத் திமிங்கலமும் ஃபின் திமிங்கலமும்தான் சரக்கு.

முதலில் கெட்டிக் கொழுப்பு சோப்புக்குத்தான் போனது. பிறகு நாற்றம் போக்கும் முறை தேறியதும் மார்கரினுக்குள் நுழைந்தது. 'திமிங்கலக் கொழுப்பைத் தின்றார்களா' என்று கேட்டீர்கள். தின்கிறோம் என்று தெரியாமலே தின்றார்கள். ரொட்டியில் தடவியது வெள்ளையாக, வாசமற்று, வெண்ணெய்போல் இருந்தது. அதன் விலை கடலில் கொடுக்கப்பட்டது. 1930–31 அண்டார்டிகா பருவத்தில் மட்டும் சுமார் 29,400 நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. எண்ணெய் 36 லட்சம் பீப்பாயை எட்டியது. ஆறு பீப்பாய் ஒரு டன், அதாவது 6 லட்சம் டன். வாங்க ஆளில்லாமல் விலை சரிந்து, அடுத்த பருவத்தில் நார்வேயின் வேட்டைக் கப்பல்களில் பெரும்பாலானவை துறைமுகத்திலேயே கிடந்தன.

அந்தச் சமயத்தில் வாங்கும் பக்கம் ஏறக்குறைய ஒரே கைக்குள் வந்திருந்தது. பிரிட்டனின் சோப்புக் கம்பெனி லீவரும் டச்சு மார்கரின் முதலாளிகளும் சேர்ந்து 1930 தொடக்கத்தில் யூனிலீவர் ஆனார்கள். ஆஸ்லோவின் ஆக்கர்ஸ் ஆற்றங்கரையில் இருந்த லில்லெபோர்க் எண்ணெய்-சோப்பு ஆலை டெனோஃபாவோடு சேர்ந்திருந்தது. அதில் யூனிலீவர் பங்கு பிடிப்பது நார்வேயில் பெரிய அரசியல் தகராறாக வெடித்தது. தேசத்தின் சோப்பு அந்நியன் கையிலா என்ற கேள்வி. 'லில்லெபோர்க் வழக்கு' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

நமக்கும் ஒரு கிளை உண்டு. அதே லீவர், அதே உத்தியை எடுத்துக்கொண்டு 1932இல் பம்பாய் சேவ்ரியில் வனஸ்பதி ஆலை போட்டது. 1937இல் டால்டா வந்தது. மூலப்பொருள் திமிங்கலம் இல்லை, தாவர எண்ணெய். நெய்யில் கலப்படம் செய்வதைப் பிடிக்க, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் வைத்தது. நல்லெண்ணெய் இருந்தால் ஃபர்ஃபியூராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டதும் சிவக்கும். பாதியில் நிறுத்திய ஹைட்ரஜனேற்றம் டிரான்ஸ் கொழுப்பைத் தருகிறது என்பது இன்று தெரிந்த சங்கதி. 2022இலிருந்து இங்கே அதன் உச்சவரம்பு 2 சதவீதம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திமிங்கலம் குறையக் குறைய மத்தி இனத்து ஹெர்ரிங்கின் எண்ணெயைக் கெட்டியாக்கினார்கள். 1960களின் முடிவில் ஹெர்ரிங்கும் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1968இல் நார்வே அண்டார்டிகா வேட்டையை நிறுத்தியது. கடல் கைவிட்டதும் சோயா கைகொடுத்தது. தானியக் கப்பல் நேராகத் துறைக்கு வந்தது, நாட்டின் கால்நடைத் தீவனத் தேவை வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கம்பெனியும் கை மாறிற்று. போர்ரெகார்ட், பிறகு ஓர்க்லா என்று நார்வே நிறுவனங்களிடம் போய், 2009இல் பிரேசிலின் சோயாக் கம்பெனி அமாஜி பெரும்பங்கு வாங்கியது. விதை விளைவிப்பவனே ஆலையும் பிடித்தான். பிரேசிலின் மாட்டோ கிராஸோ மாநிலத்துச் சோயா போர்ட்டோ வெல்யோவில் படகேறி மடெய்ரா ஆற்று வழியே இட்டகொவாட்டியாராவுக்குப் போய், அமேசானில் கடல் கப்பலுக்கு மாறுவது அமாஜியின் பெருவழி. நார்வேக்காரர்கள் மரபணு மாற்றாத விதையே கேட்பதால், கப்பல் அறை, லாரி, களஞ்சியம் எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. 0.9 சதவீதத்துக்கு மேல் கலந்தால் மரபணு மாற்றுச் சரக்கு என்று முத்திரை விழும்.

இனி ஆலைக்குள். செக்கு ஏன் இல்லை என்று உங்களுக்கே தெரியும். நிலக்கடலையில் பாதி எண்ணெய், சோயாவில் ஐந்தில் ஒரு பங்கு. எக்ஸ்பெல்லரில் பிழிந்தாலும் 6, 7 சதவீதம் புண்ணாக்கில் தங்கிவிடும். கிடைக்க வேண்டியதில் கால் பங்குக்கு மேல் போயிற்று. அதனால்தான் எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான். விதையை 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, உருளையில் நாலைந்து துண்டாக உடைத்து, தோலை ஊதிப் பிரித்து, 65–70 டிகிரிக்குச் சூடாக்கி, 0.3 மில்லிமீட்டர் தகடாக அழுத்துவார்கள். இந்தத் தகட்டில்தான் பாதி வெற்றி. தடித்தால் உள்ளே எண்ணெய் தங்கும். மெலிந்தால் தூளாகி, ஹெக்சேன் ஊடுருவ இடமில்லாமல் படுகை அடைத்துக்கொள்ளும். 55–60 டிகிரியில் ஹெக்சேன் எதிர்த்திசையில் ஓடிக் கழுவினால் புண்ணாக்கில் எண்ணெய் 1 சதவீதத்துக்கும் கீழே வரும்.

எண்ணெயில் 2 சதவீதம் வெந்நீர் கலந்து சுழற்றினால் பிசின் பிரியும். உலர்த்தினால் அதுவே லெசித்தின், சாக்லேட் உறையில் பார்க்கிறோமே, அதுதான். நம் ஊர் 'மீல்மேக்கர்' இதே எண்ணெய் நீக்கிய சோயா மாவைப் பிதுக்கி உப்பவைத்த உருண்டை.

ஹெக்சேன் ஆபத்தா என்றால், ஆலைக்காரருக்கு ஆம். வருடக்கணக்கில் மூச்சில் போனால் கால்கை நரம்பு கெடும். காற்றைவிடக் கனமான ஆவி பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் 1.1 முதல் 7.5 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். ஆனால் புண்ணாக்கை நேரடி நீராவியில் 100–105 டிகிரிக்கு வறுக்கும் கலனில் பெரும்பகுதி பறந்துவிடும். சரியாகப் பறக்காத சரக்குதான் கிடங்கில் தீப்பிடிக்கும். மனிதர் தின்னும் எண்ணெயில் ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

கோழிக்கு உண்மையான கேடு ஹெக்சேனில் இல்லை, அந்த வறுப்பில் இருக்கிறது. பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாத டிரிப்ஸின் தடுப்பான் உண்டு. வறுபடாவிட்டால் கணையம் வீங்கி, எச்சம் நீர்த்து, எடை ஏறாது. அதிகம் வறுத்தால் லைசின் என்ற புரதக் கூறு சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். பொன்னிறம் போய்ப் பழுப்பாகும்.

சால்மன் விஷயத்தில் நீங்கள் படித்தது அரைகுறை. சாதாரணப் புண்ணாக்கைத் தின்றால் சால்மனின் பின்குடல் வீங்கிவிடும். சோயாவில் உள்ள சபோனின் என்ற பொருள் காரணம். அதற்குத் தீனி போடுவது ஆல்கஹால் நீர்க் கரைசலில் கழுவி 60 சதவீதத்துக்கு மேல் புரதமாக்கிய சோயா செறிவு. அது பெரும்பாலும் பிரேசிலிலிருந்து ஆயத்தமாகவே வருகிறது. ஃபிரெட்ரிக்ஸ்டாட்டின் புண்ணாக்கு முக்கியமாகக் கொட்டகைக்குத்தான் போகிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு யூரியா–ஃபீனால் சிவப்புக் கரைசல் போதும். மருந்துக்கடையில் கேட்க வேண்டாம், ஆய்வகப் பொருள் விற்பவரிடம் கிடைக்கும். கரைசல் தேன்நிறத்தில் இருக்க வேண்டும். தட்டில் ஒரு கரண்டி புண்ணாக்கைப் பரப்பி, நனையும் அளவு ஊற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள், பரப்பில் கால் பங்குக்குள் இருந்தால் பக்குவம் சரி. பாதிக்கு மேல் சிவந்தால் வேகவில்லை, திருப்பி அனுப்புங்கள். ஒரு புள்ளிகூட இல்லையென்றால் இன்னும் அரை மணி விட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கருகியிருக்கலாம். அதை இந்தச் சோதனை உறுதி செய்யாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் எவ்வளவு புரதம் கரைகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள், 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வாங்காதீர்கள்.