விழித்திரை விலகல் அறுவைக்குப் பின் பார்வை எந்த அளவு திரும்பும்?

விழித்திரை ஒட்டிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் பார்வை ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திரை ஒட்டுவதும் பார்வை திரும்புவதும் ஒன்றல்ல.

என் கணிப்பில் முதன்மையான காரணி, கூர்மையான பார்வையைத் தரும் நடுப்பகுதியான மாக்குலா அறுவைக்கு முன்பே விலகியிருந்ததா என்பதுதான். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் பின்னாலுள்ள கோராய்டு அடுக்கின் இரத்த நாளங்களிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகின்றன. விலகல் நீடிக்க நீடிக்க அவை மடியத் தொடங்குவதால், மாக்குலா விலகிய சுமார் மூன்று நாட்களுக்குள் அறுவை நடந்தவர்களுக்குப் பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது. அது விலகாமலே காப்பாற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் பழைய பார்வைக்கு அருகில் வந்துவிடுகிறார்கள். விலகியவர்களுக்கோ நேர்கோடுகள் வளைந்து தெரிவது நெடுநாள் தொடரலாம்.

கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரையும்வரை மங்கல் இயல்பே. இதற்குப் பயன்படும் வாயுக்களில் எஸ்எஃப்6 சுமார் இரண்டு வாரங்களும் சி3எஃப்8 இரண்டு மாதங்கள் வரையும் தங்கும். (அதுவரை விமானப் பயணம் கூடாது, விரிவடையும் வாயு கண்ணழுத்தத்தை ஆபத்தாக உயர்த்திவிடும்.) விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவத்தை அகற்றும் அறுவை) செய்துகொண்ட ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கண்புரை விரைவில் வருவதுண்டு, அதை அகற்றினால் தெளிவு கூடும். திரைமேல் வடுத்திசு வளர்ந்து மீண்டும் விலகச் செய்தால் நிலை கடினமாகிறது.

பார்வை ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதற்குப் பின்னும், மெல்ல மேம்படலாம். ஆனால் புதிதாக நிழலோ ஒளிமின்னலோ தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.