சிரியஸின் துணை விண்மீன் தெரியவில்லையா? மாடியை விட்டு இறங்கிப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. வேலூர் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் 6 அங்குலத் தொலைநோக்கி வைத்து மூன்று இரவு பார்த்தும், இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸின் துணை, சிரியஸ் பி, தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கருவியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துணை, சிரியஸை விடச் சுமார் 10,000 மடங்கு மங்கல். 1844-இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் அது இருக்க வேண்டும் என்று கணித்தும், 1862-இல்தான் அமெரிக்கத் தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் 18½ அங்குல லென்ஸில் கண்டார்.

நம் ஊர் சிமெண்ட் தளம் பகல் வெயிலை இரவு வரை கக்கும்; அந்தச் சூட்டில் மேலே காற்று அலைபாயும். சிரியஸ் கொதிக்கும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி துடித்தால் அதுதான் காரணம். மண் தரையில் வையுங்கள், ஒரு மணி நேரம் தொலைநோக்கிக் குழாய் ஆறட்டும். இதற்காக ஜவ்வாது மலைக்குப் போக வேண்டாம்; இருட்டைவிட அசையாத காற்றுதான் முக்கியம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி வாக்கில் சிரியஸ் தன் பாதையின் உச்சியில், நமக்குத் தெற்கே 60 பாகை உயரத்தில் நிற்கும்.

முதலில், ஓரியன் மண்டலத்துப் பிரகாசமான விண்மீனான ரைகலின் மங்கலான துணையைப் பிடித்துப் பழகுங்கள். அப்புறம் 250 மடங்கு உருப்பெருக்கம் வைத்து, சிரியஸைப் பார்வை வட்டத்தின் மேற்கு ஓரத்தில் நழுவவிடுங்கள். அதன் பின்னாலேயே, கிழக்கில் சற்று வடக்குத் தள்ளி, ஊசிமுனைப் புள்ளி வரும். தெரிந்ததும் கட்டாயம் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.